மஞ்சள் கோட்டுக்கு வெளியே

கடைசிக் கொக்கியில் தொங்கும் ஏழாம் எண் தகட்டைக் கழற்றி, தோளில் கிடக்கும் துண்டால் முன்னும் பின்னும் துடைத்துத் தகரப் பெட்டிக்குள் வைக்கிறார். எட்டை எடுத்து மாட்டுகிறார். ஓர் அடி பின்னால் வந்து கழுத்தைச் சாய்த்துப் பார்க்கிறார். எட்டு லேசாக இடப்பக்கம் சரிந்திருக்கிறது. திரும்பப் போய் நகத்தால் ஒரு தட்டு. நேராகிவிட்டது. ‘புகையில்லா நாட்கள்: 1408.’ காலை ஆறு மணி ஐந்து நிமிடம். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் முதல் ஷிப்ட் பைக்குகள் இன்னும் நுழையவில்லை. அந்த எண்ணுக்கு அவர் தினமும் வணக்கம் வைக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, தகரத்தில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணில் குத்தாமல் கையைத் தூக்குகிறார்.

பலகையில் இரண்டு வரிசை. மேலே ‘விபத்தில்லா நாட்கள்’. அது முப்பது, நாற்பதைத் தாண்டுவதற்குள் யாராவது பிரஸ் இயந்திரத்தில் விரலைக் கொடுத்துவிடுவார்கள்; மறுநாள் பூஜ்யம் தொங்கும். கீழ் வரிசை ஒரு தடவைகூடக் குறைந்ததில்லை. ஞாயிறு ஆலை மூடியிருப்பதால் திங்களன்று மட்டும் இரண்டாகத் தாவும். “மேல கீறது கம்பெனியோட நம்பரு நைனா. அடியில கீறது என்னோடது” என்பார் வரதன்.

வரதனுக்கு அறுபத்தொரு வயது. ஆவடியில் பருத்திப்பட்டு ஏரிக்குப் பின்னால் வீடு. கார்களுக்கு வேண்டிய தகரப் பாகங்களை அழுத்தி எடுக்கும் இந்தத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் பெயின்டராக இருந்தார். பெயின்டர் என்றால் சுவருக்கு அல்ல, தரைக்கு. ஆள் நடக்க இவ்வளவு, வண்டி போக இவ்வளவு, இயந்திரத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கும் மஞ்சள் கோடுகளெல்லாம் அவர் போட்டவை. ஓய்வு பெற்ற மறு வாரமே நீலச் சட்டை கொடுத்து வாசல் கேபினில் உட்கார வைத்துவிட்டார்கள். நான் வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீசில் இருப்பவன். என் கண்ணாடி ஜன்னலுக்கும் அவர் கேபினுக்கும் நடுவே ஏழெட்டு அடி தூரம். ஏசிக்காக என் ஜன்னல் எப்போதும் மூடியிருக்கும். அவருடையது எப்போதும் திறந்திருக்கும். திறந்து வைத்திருப்பதுதான் அவருடைய வேலை.

கோணல் அவருக்கு ஆகாது. வரிசை தப்பி நிற்கும் பைக்கை, பூட்டியிருந்தாலும், பின்பக்கம் தூக்கி நேராக்குவார். கையெழுத்துப் போட உள்ளே வந்தால், பேசிக்கொண்டே என் மேசைத் தாள்களை ஓரம் தட்டி அடுக்கிவிட்டுப் போவார். கோடு போடுவது எப்படி என்று கேட்டால் மட்டும் முகம் இளகும். இரண்டு ஆணி, நடுவே நீலப்பொடி தோய்த்த நூல். விறைப்பாகக் கட்டி, நடுவில் இரண்டு விரலால் தூக்கி விட்டால் தரையில் ஒரு நீலக் கீறல் விழும். அதன்மேல் பெயின்ட். “கண்ணு டபாய்க்கும். நூலு டபாய்க்காது” என்பார்.

கேபினுக்குள் அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு மர அடுக்கு இருக்கிறது. கைரேகை இயந்திரம் வருவதற்கு முன்பு தொழிலாளர்களின் வருகை அட்டைகளைச் செருகி வைத்த அடுக்கு. எண் போட்ட சின்னச் சின்ன அறைகள். இப்போது அவற்றில் லைட்டர்களும் தீப்பெட்டிகளும் இருக்கின்றன. சிகரெட் சட்டைப்பையில் உள்ளே போகலாம், நெருப்பு போகக் கூடாது என்பது விதி. காலையில் ஜன்னல் வழியாக வாங்கி அவரவர் எண்ணில் போடுவார். டீ மணி அடித்ததும் எடுத்துக் கொடுப்பார். எந்த லைட்டரில் காஸ் தீரப்போகிறது, யாருடைய தீப்பெட்டி நமுத்துவிட்டது, யார் இரண்டிலிருந்து நான்குக்கு ஏறியிருக்கிறார் எல்லாம் அவருக்குத் தெரியும். நாற்பத்தாறாம் அறையில் மட்டும் லைட்டர் இல்லை. அது அவருடைய பழைய எண். அதில் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை அட்டை இருக்கிறது. வரதன் வாழ்நாளில் ஒரு பீடிகூடப் பிடித்தவர் அல்ல.

பத்து மணிக்கு டீ மணி. முப்பது நாற்பது பேர் வாசலைத் தாண்டி வருவார்கள். பெரிய கதவு ஓடும் இரும்புத் தடத்தை ஒட்டி மஞ்சள் கோடு. அதன் பக்கத்தில் ‘இக்கோட்டுக்கு உள்ளே புகையற்ற வளாகம்’ என்ற எழுத்து. கோட்டுக்கு வெளியே நாலடி துருத்திக்கொண்டு கேபின். அதற்கப்புறம் கால்வாய். அதற்கும் அப்பால் கன்டெய்னர் லாரிகள் திரும்பும் சாலை. மரம் கிடையாது. கேபினின் தகரக் கூரை முன்பக்கம் மூன்றடி நீண்டிருப்பதுதான் அங்கே இருக்கிற ஒரே நிழல். வந்தவர்கள் எல்லாரும் அதற்கடியில் ஒண்டிக்கொள்வார்கள். புகை கூரைத் தகரத்தில் முட்டி, வேறு வழியில்லாமல் திறந்த ஜன்னலுக்குள் இறங்கும். என் இடத்திலிருந்து பார்த்தால் முதலில் வரதனின் தலை மங்கும், பிறகு தோள். கடைசியில் வெளியே நீட்டிய கை மட்டும் தெரியும், அதில் ஒரு லைட்டர்.

அந்தப் பதினைந்து நிமிடமும் தன் டீத் தம்ளரை ஒரு தட்டால் மூடி வைத்திருப்பார். கூட்டம் கலைந்த பிறகே ஆறிப்போன டீயைக் குடிப்பார். மேசை விசிறியை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறார். அது புகையைக் கொஞ்ச தூரம் தள்ளிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளும். சனிக்கிழமைதோறும் ஈரத்துணியால் ஜன்னல் கட்டையைத் துடைப்பார். துணி டீ டிகாக்ஷன் நிறத்தில் வரும். ஒருமுறை அதை என்னிடம் விரித்துக் காட்டினார். “கட்டையில இவ்ளோ கீது. இத்த தொடச்சிட்டேன். உள்ள கீறத இன்னா போட்டுத் தொடைக்கிறது?”

முதலில் வருகிறவர் எப்போதும் பாண்டியன். பிரஸ் ஆபரேட்டர். எண் நாற்பத்தேழு. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்ததால் அடுத்தடுத்த எண். பாண்டியன் ஏழு வயது இளையவர். ஓய்வுக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது.

“மாமே, நாப்பத்தேயு.”

“தெர்யும். நெத்தியில எய்தி ஒட்டிகினு வா.”

“இன்னா, மூஞ்சி ஒரு மாதிரி கீது? அக்கா நாஸ்டா போடலியா?”

“போட்டுச்சு. உன் மூஞ்சியப் பாத்ததும் செமிச்சிப்போச்சு.”

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். பாண்டியன் பற்றவைத்து, முதல் இழுப்பை இழுத்து, முகத்தைச் சாலைப்பக்கம் திருப்பி விடுவார். ஒவ்வோர் இழுப்புக்கும் அப்படித் திரும்புவார். வரதனுக்காகத்தான் திரும்புகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். காற்று சாலைப்பக்கமிருந்துதான் வீசுகிறது என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

தள்ளி நின்று ஊது என்று வரதன் அவரிடம் இந்த மூன்று வருடத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏற்கெனவே ஒருமுறை சொல்லிவிட்டார், அதனால்தான்.

ஏழு வருடத்துக்கு முன்பு பிரஸ் ஷாப்பில் ஜாபர் அலி என்றொருவர் இருந்தார். சென்னீர்குப்பத்திலிருந்து வருவார். மதியம் மூவரும் ஒன்றாகத்தான் டப்பாவைத் திறப்பார்கள். ஜாபர் அலி புகை பிடிக்காதவர். எந்நேரமும் ஓர் ஏலக்காயை மென்றுகொண்டிருப்பார். பாண்டியனுடைய இயந்திரத்துக்கு அடுத்த இயந்திரத்தில் பத்தொன்பது வருடம் நின்றார். அந்த நாட்களில் எரியும் சிகரெட்டை இயந்திரத்தின் விளிம்பிலேயே வைத்துவிட்டு வேலை பார்ப்பார்கள். ஒரு புதன்கிழமை, சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், ஜாபர் அலி இயந்திரத்தில் கையை ஊன்றி, யாரையோ கூப்பிட வாயைத் திறந்து, அப்படியே சரிந்தார். வண்டி எஸ்டேட்டைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. அவரைத் தூக்கும்போது பூட்ஸ் உரசியதில் தரைக்கோடு ஒரு முழம் பெயர்ந்திருந்தது. மறுநாள் அந்த ஒரு முழத்தை வரதன் மண்டியிட்டுத் திரும்பப் போட்டார்.

அடுத்து வந்த பாதுகாப்புக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்றார். அவர் சர்வீசில் கூட்டத்தில் வாய் திறந்தது அந்த ஒரு முறைதான் என்கிறார்கள். “ஊதனவன் நிக்கிறான் சார். ஊதாதவன் பூட்டான்.” பாண்டியன் அதே அறையில் இருந்தார். வெளியே வந்ததும், “அப்ப நான் கொலகாரன்றியா மாமே?” என்று மட்டும் கேட்டார். ஒரு வருடம் இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். ஜாபர் அலியின் சாவைச் சத்தமாகவே பேசும் வரதன், அந்த ஒரு வருடத்தைப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

ஆனால் கேட்டதை விடவில்லை. மேனேஜர் மாறும்போதெல்லாம் போய்க் கேட்டு, மூன்றாவது வருடம் தடை வந்தது. தொடங்கி வைக்க ஒரு டாக்டர் வந்து பேசினார். பொது இடங்களில் புகையைத் தடுத்த ஊர்களில் மாரடைப்பு குறைந்திருக்கிறது, பல வருடம் காத்திருக்க வேண்டியதில்லை, சீக்கிரமே தெரியும், புகை பிடிக்காதவர்களுக்கும் அதில் நன்மை என்றார். பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் கை தட்டியவர் வரதன். இன்றைக்கும் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், “டாக்டரே சொன்னாரு, ஊதாதவனுக்கும் சேத்துதான்னு” என்பார். ஜாபர் அலிக்கு முந்தைய பத்து வருடத்தில் பிரஸ் ஷாப்பில் மூன்று பேர் அதே மாதிரி சரிந்திருக்கிறார்கள். தடைக்குப் பிறகு உள்ளே ஒருவரும் சரியவில்லை. “பாத்தியா? ஒருத்தனும் சாயல” என்று பலகையைக் காட்டுவார். அதனால்தான் அது அவருடைய எண்.

தடைக்கு முந்தைய நாள் அவரைத்தான் கோடு போடச் சொன்னார்கள். எங்கே என்று யாரும் சொல்லவில்லை. வாசலில் போடு என்றார்கள். இரும்புத் தடத்தின் ஒரு கோடியில் ஓர் ஆணி, மறு கோடியில் ஓர் ஆணி. நூல் நேராக விழுந்தது. கேபினையும் உள்ளே சேர்க்க வேண்டுமானால் கோடு நாலு இடத்தில் ஒடிய வேண்டும். “கேபினு துருத்திகினு நின்னுச்சு நைனா. அத்த சேத்தா கோடு கெட்டுப்போவும்னு உட்டுட்டேன். அதுல எவன் குந்தப்போறான்னு நான் கண்டனா?” பத்து மாதம் கழித்து அவரே உட்கார்ந்தார்.

இந்த வருடம் மார்ச்சில், பலகையில் 1206 தொங்கிய நாள், மூன்றரை மணி டீ. யாருடைய லைட்டரோ அவர் கையில் இருந்தது. கொடுக்க நீட்டிய கை ஜன்னல் கட்டையில் அப்படியே நின்றது. நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். புகைக்குக் கண்ணை மூடியிருக்கிறார் என்று நினைத்தேன். பாண்டியன்தான் சிகரெட்டை எறிந்துவிட்டுக் கேபினுக்குள் பாய்ந்தார். குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டுபோய் ஷேர் ஆட்டோவை மறித்து ஏற்றினார். ஆஸ்பத்திரித் தரையில் மறுநாள் காலைவரை உட்கார்ந்திருந்தார். வரதனுக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். பாண்டியன் பதினெட்டு நாள் சிகரெட் தொடவில்லை. பத்தொன்பதாம் நாள், யாரையும் பார்க்காமல், கால்வாய் ஓரம் தனியாக நின்று பற்றவைத்தார்.

சம்பவம் வளாகத்துக்கு வெளியே நடந்ததாகப் பதிவாயிற்று. கேபின் கோட்டுக்கு வெளியேதானே இருக்கிறது. அந்தத் தாளைத் தட்டச்சு செய்தவன் நான். மறுநாள் காலை 1207ஐ மாட்டியவனும் நான்தான். ஆறு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பியதும் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, “நீ மாட்டனது எல்லாம் சாஞ்சிகினு கீது” என்பதுதான்.

ஆஸ்பத்திரிக் கதையை அவர் வேடிக்கையாகத்தான் சொல்லுவார். “ஒரு நாளிக்கு எத்தினி ஊதுவேன்னு டாக்டரு கேக்குறாரு. ஒண்ணும் இல்ல சார்ன்றேன். கயட்டிப்போட்ட சட்டைய மோந்து பாக்குறாரு. ‘பெரியவரே, என்னாண்ட பொய் சொல்லி இன்னா பிரயோஜனம்’ன்றாரு. அறுவது வருசம் ஊதாம இருந்து, கடைசில ஊதனவன்னு பேரு வாங்கினு வந்தேன்.” சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். சிரிப்பு பாதியில் இருமலாகும்.

அவர் மனைவி பூங்காவனம் சொன்ன கதையில் சிரிப்பு இல்லை. வரதன் மறந்துவிட்டுப் போன டப்பாவை எடுத்துக்கொண்டு ஒருநாள் ஆவடியிலிருந்து பஸ் பிடித்து வந்தவர், அதைக் கேபினில் கொடுத்துவிட்டு என் ஜன்னலைத் தட்டினார். நான் திறந்தேன்.

“இன்னொரு வாட்டி வந்தா தாங்காதுன்னு டாக்டரு என்னாண்டதான் தம்பி சொன்னாரு. பொகையாண்ட குந்தவே கூடாதாம். இது இன்னாடான்னா அடுப்பாண்ட குந்தற மாதிரி குந்திகினு கீது. சாயங்காலம் வந்தா சட்டைய வாசல்லயே அவுக்கச் சொல்றேன். அப்பவும் ஊடு பூரா அதே நாத்தம்.” கொஞ்சம் நிறுத்தினார். “நீங்க உள்ள கீறவரு. மேடத்தாண்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

சொல்கிறேன் என்றேன். அவர் போன பிறகு ஜன்னலை மூடினேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

வேலையை விட்டுவிடலாமே என்று ஒருமுறை வரதனிடமே கேட்டேன். “ஊட்ல குந்திகினா சோறு யாரு போடுவா?” என்றார். பின்வாசலுக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அங்கே ராத்திரி ஷிப்ட் மட்டும்தான். ராத்திரி விழிக்கக் கூடாது என்று அதே டாக்டர் சொல்லியிருக்கிறார். மிச்சம் இருந்தது நாலடி. கோடு நாலடி நகர்ந்து கேபினைச் சுற்றிக்கொண்டால் புகை பிடிப்பவர்கள் கால்வாய்க்கு அப்பால் போக வேண்டும். அவர் மூச்சு அவருடையதாக இருக்கும்.

அந்த நாலடியை அவர் கேட்டது இந்த மாதம்தான். ஏதோ ஒரு விருதுக்காக ஆடிட் வருகிறது. தேய்ந்துபோன வாசல் கோட்டைப் புதிதாகப் போடச் சொல்லி எச்ஆர் மேடம் கிருஷ்ணப்பிரியா கூப்பிட்டனுப்பினார். முகப்பேரிலிருந்து ஸ்கூட்டரில் வருபவர். வரதன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது தன் கைப்பணத்தில் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தவர். நான் ஒரு கோப்புடன் அறை ஓரத்தில் நின்றிருந்தேன். உட்காரச் சொல்லியும் வரதன் உட்காரவில்லை.

“ஞாயித்துக்கெயம வந்து போட்டுர்றேன் மேடம். அப்பிடியே கேபினையும் உள்ள சேத்துப் போட்டுரட்டா? நாலடிதான். பசங்க அப்பால போய் நிப்பாங்கோ.”

கிருஷ்ணப்பிரியா பேனாவைக் கீழே வைத்தார். “எனக்கும் அது தோணியிருக்குண்ணா. ஆனா எல்லையை மாத்தினா நாள் கணக்கையும் முதல்லேர்ந்து எண்ணணும்னு ரூல் இருக்கு.”

“மொதல்லேர்ந்துன்னா?”

“போர்டுல ஜீரோ மாட்டணும்.”

“ஜீரோவா?”

“ஆமாண்ணா. நீங்க வேணும்னு சொன்னா நான் மேல பேசறேன். திட்டுவாங்க, பரவால்ல. நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க.”

வரதன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே வைத்த பேனா கொஞ்சம் கோணலாகக் கிடந்தது. ஒரு விரலால் அதை நோட்டின் ஓரத்துக்கு இணையாகத் தள்ளிவிட்டு வெளியே போனார். பேசுவதற்கு எனக்கும் ஒரு வாய் இருந்தது. கோப்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

தொழிற்சாலையில் எச்ஆர் அறையின் சுவர்கள் மெல்லியவை. மூன்றரை மணி டீக்குப் பாண்டியன் வந்தபோது லைட்டர் கேட்கவில்லை.

“கேபினு உள்ள வரப்போதாமே.”

“யார் சொன்னது?”

“ஷாப்பே சொல்லுது.” பாண்டியன் ஜன்னல் கட்டையில் இரண்டு கையையும் ஊன்றினார். “இப்பவும் நாந்தானா மாமே?”

வரதன் திரும்பி நாற்பத்தேழாம் அறையிலிருந்து லைட்டரை எடுத்து அவர் கைக்கு நடுவில் வைத்தார். “சொம்மா பேஜார் பண்ணாத. பின்னாடி நிக்கிறவனுக்கு வயி உடு.”

ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் பட்டியல் முடிக்க நானும் வந்திருந்தேன். ஆளில்லாத வாசல். பலகையில் சனிக்கிழமையின் 1417. வரதன் பழைய லுங்கியில், வெறுங்காலோடு, மண்டியிட்டுப் பழைய பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, நெஞ்சில் கை வைத்து, மூச்சை எண்ணிவிட்டுத் தொடர்ந்தார். பிறகு சாக்பீஸை எடுத்தார். இரும்புத் தடத்திலிருந்து வெளியே திரும்பி, கேபினைச் சுற்றி, மறுபடி தடத்துக்கு வந்து சேர்ந்தது வெள்ளைக் கோடு. நாலு ஒடிவு.

உள்ளே போய்த் தன் ஸ்டூலில் உட்கார்ந்தார். மூன்று வருடத்தில் முதல் முறையாகக் கோட்டுக்கு உள்ளே. காற்றில் திறந்து வைத்த பெயின்ட்டின் வாசனை மட்டும் இருந்தது. பத்து நிமிடம் போல ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு நேரம் அவர் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

பிறகு எழுந்து பலகைக்குப் போனார். பெட்டியைத் திறந்து கிளறி, அடியில் கிடந்த பூஜ்யத்தை எடுத்தார். துண்டால் முன்னும் பின்னும் துடைத்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். மாட்டிவிடுங்கள் என்று சொல்லத்தான் போனேன்.

“ஜாபரு போனதுலேர்ந்து நான் பண்ணது இது ஒண்ணுதான் நைனா,” என்றார், பலகையைப் பார்த்தபடி. “வேற இன்னா பண்ணேன்? சொல்லு.”

நான் தகரப் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டேன்.

“இத்த கயட்டிட்டு ஜீரோ மாட்டனா, அப்ப இத்தினி நாளா உள்ள ஒருத்தனும் சாயலன்னு எவனுக்குத் தெரியும்? பாண்டியன் வேற... மறுக்கா டப்பாவத் தூக்கினு தனியா பூடுவான்.” பூஜ்யத்தைப் பெட்டிக்குள், மற்ற எண்களுக்கு அடியில் திரும்ப வைத்தார். “அந்த ஈரத்துணிய எட்து வா.”

சாக்பீஸ் கோடு இரண்டு இழுப்பில் அழிந்தது. நீலப்பொடியில் நூலைத் தோய்த்தார். ஒரு முனையைப் பழைய ஆணியில் கட்டினார். மறுபக்கத்து ஆணி துருப்பிடித்து உடைந்திருந்தது.

“இந்தக் கோடிய நீ புடி. வெறப்பா புடி, ஆடக்கூடாது.”

பிடித்தேன். நடுவில் குனிந்து நூலைத் தூக்கி விட்டார். நீலக் கீறல் அதே பழைய இடத்தில் விழுந்தது, ஒரு மயிரிழை விலகாமல். கேபின் வெளியே நின்றது. என் விரல்களில் பொடி இரண்டு நாள் இருந்தது.

திங்கள் காலை ஏழைக் கழற்றி ஒன்பதை மாட்டினார். 1419. விடியலிலிருந்தே தூறல். சாலைப்பக்கமிருந்து காற்று சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. பத்து மணி டீக்கு வந்தவர்கள் காய்ந்தும் காயாமலும் பளபளத்த புதுக் கோட்டை ஒவ்வொருவராகக் காலைத் தூக்கித் தாண்டினார்கள். ஒருவர் செருப்பிலும் மஞ்சள் ஒட்டவில்லை. மழைக்காகக் கூரைக்கு அடியில் வழக்கத்தைவிட நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நாலைந்து பேர் ஜன்னலுக்கு முதுகைக் கொடுத்து அதை அடைத்துக்கொண்டார்கள்.

பாண்டியன் அன்றைக்குக் கடைசியாக வந்தார். கோட்டின் முன்னால் நின்றார். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார். தாண்டி வந்தார்.

“நாப்பத்தேயு,” என்றார். ‘மாமே’ இல்லை.

வரதனின் கை பின்னால் அடுக்குக்குப் போயிற்று. நாற்பத்தாறில் ஒரு நொடி நின்றது. நாற்பத்தேழுக்கு நகர்ந்து லைட்டரை எடுத்தது.

பாண்டியன் முகத்தைச் சாலைப்பக்கம் திருப்பிக்கொண்டு தட்டினார். பொறி வந்தது, சுடர் நிற்கவில்லை. மறுபடி தட்டினார். காற்று நேராக முகத்தில் அடித்தது. மூன்றாம் முறை, நான்காம் முறை. சிகரெட்டின் நுனி நனையத் தொடங்கியது. அவர் திரும்பவில்லை.

“இங்க திரும்பு,” என்றார் வரதன்.

பாண்டியன் திரும்பினார். வரதன் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்து, ஜன்னல் கட்டையில் நெஞ்சை அழுத்தி, இரண்டு கைகளையும் வெளியே நீட்டி, காற்றுக்கு எதிராக அந்தச் சுடரைச் சுற்றிக் குவித்துப் பிடித்தார்.